தண்டமா, விலையா?

தண்டம் வேறு, விலை வேறு. சிவப்பு விளக்கில் நிற்காமல் வாகனத்தை ஓட்டிச் சென்றவரிடம் அறவிடப்படுவது தண்டம். ஒரு கிலோ அரிசிக்கு நாம் கொடுப்பது விலை. இரண்டிலும் கைமாறுவது பணம்தான் என்றாலும், தண்டத்தின் பின்னால் 'இனி இதைச் செய்யாதே' என்றொரு சொல் இருக்கிறது. விலையின் பின்னால் 'மீண்டும் வாருங்கள்' என்ற அழைப்பு இருக்கிறது. தண்டம் அறவிடுபவர் அடுத்த வருடம் அந்த வருமானம் குறைந்தால் மகிழ வேண்டியவர். வியாபாரியோ அது கூடினால் மகிழ்பவர். ஒரே தொகையை ஒரே ஆளிடமிருந்து தண்டமாகவும் விலையாகவும் வாங்க முடியுமா? பிரித்தானியாவின் பெரிய வங்கிகள் தமது ஏழை வாடிக்கையாளர்களிடம் பல்லாண்டு காலம் அறவிட்டு வந்த ஒரு கட்டணத்தைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் எனக்கு முன்னே வந்து நிற்கிறது.

'ஹை ஸ்ட்ரீட் வங்கி' என்று அங்கே சொல்வார்கள். ஊரின் பிரதான கடைத்தெருவில், பாண் கடைக்கும் மருந்துக் கடைக்கும் பக்கத்தில் கிளை வைத்திருந்த, எல்லாச் சனங்களும் கணக்கு வைத்திருக்கும் வங்கி. 'ஓவர்டிராஃப்ட்' என்பதை நமது வணிகக் கல்விப் புத்தகங்கள் மேலதிகப்பற்று என்கின்றன, வியாபாரிகள் ஓ.டி. என்கிறார்கள். கணக்கில் இருப்பதற்கு மேலாக எடுத்துக்கொள்ள வங்கி இடமளிப்பதே அது. நம்மிடையே இது பெரும்பாலும் புறக்கோட்டை வியாபாரியின் சமாச்சாரம். சம்பளக்காரர்களில் அநேகருக்குச் சேமிப்புப் புத்தகம்தான். அதில் மீதி பூச்சியத்துக்குக் கீழே போவதில்லை. பிரித்தானியாவிலோ சாதாரணத் தொழிலாளியின் சம்பளமும் நடைமுறைக் கணக்குக்கே போகிறது. பள்ளிக்கூடம் கூட்டித் துப்புரவு செய்பவருக்கும் ஓ.டி. உண்டு. அவர் கேட்டாலும் உண்டு, கேட்காவிட்டாலும் உண்டு. விவகாரம் அந்தக் 'கேட்காவிட்டாலும்' என்பதில்தான் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் பிறப்பு அழகானது. 1728 இல் எடின்பரோ நகரத்து வர்த்தகர் வில்லியம் ஹொக் என்பவருக்கு, அவரது கணக்கில் இருந்ததைவிட 1000 பவுண் கூடுதலாக எடுத்துக்கொள்ள ஸ்கொட்லாந்து ரோயல் வங்கி அனுமதி கொடுத்தது. வர்த்தகருக்கு வரவேண்டிய பணம் பிந்தி வரும். கொடுக்கவேண்டிய பணமோ பிந்த விடாது. இரண்டுக்கும் இடையிலுள்ள நாட்களைக் கடப்பதற்கு, ஒரு மனிதனின் நாணயத்தை நம்பிப் போட்ட பாலம் அது. இன்றைய துப்புரவுத் தொழிலாளியின் தேவையும் எழுத்துக்கு எழுத்து அதேதான். சம்பளம் வெள்ளிக்கிழமை, எரிவாயுக் கட்டணம் புதன்கிழமை. வர்த்தகருக்கு இந்த இடைவெளி வந்தால் அதற்குப் பெயர் தொழில். தொழிலாளிக்கு வந்தால் அதற்குப் பெயர் கவனயீனம்.

ஒரு காலத்தில் பிரித்தானியத் தொழிலாளிக்கு இந்தப் பிரச்சினையே இருக்கவில்லை. கிழமைக் கூலி உறையில் காசாக வந்தது. உடலுழைப்புத் தொழிலாளி தனது கூலியைக் காசாகவே கேட்டுப் பெறும் உரிமையைச் சட்டம் பாதுகாத்து வந்தது. 1986 ஆம் ஆண்டின் கூலிச் சட்டம்தான் அந்தப் பழைய சட்டங்களை நீக்கியது. 2003 முதல் அரசாங்கக் கொடுப்பனவுகளும் படிப்படியாகக் கணக்குகளுக்கு மாற்றப்பட்டன. உறைக்குள் இருக்கும் காசு முடிந்தால் முடிந்ததுதான்; அது பூச்சியத்துக்குக் கீழே போக முடியாது. வறுமை இருந்தது, பட்டினி இருந்தது, அடகுக்கடை இருந்தது. ஆனால் 'உன்னிடம் ஒன்றுமில்லை' என்பதற்காக ஒருவரிடம் மேலும் பணம் கேட்கும் வழி உறைக்கு இருக்கவில்லை. அதற்கு ஒரு கணக்கு வேண்டும்.

ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். பெண் கற்பனை, ஆனால் கட்டணத்தின் அளவு 2006 ஆம் ஆண்டளவில் அங்கே வழக்கிலிருந்ததே. அவளது கணக்கில் 21 பவுண் இருக்கிறது. எரிவாயுக் கொம்பனிக்கு 28 பவுண் போக வேண்டும். இது 'நேரடிப் பற்று' எனும் ஏற்பாடு. நாளைக் கொம்பனி தீர்மானிக்கும், பணம் தானாகப் போகும். ஏழு பவுண் குறைகிறது. வங்கியின் கணினி கொடுப்பனவைத் திருப்பி அனுப்புகிறது. அந்தச் செயலுக்கு 35 பவுண் கட்டணம். அந்தக் கட்டணமும் உடனே எடுக்கப்படுவதில்லை. சில வாரங்கள் கழித்து, அவள் மறந்திருக்கும் ஒரு நாளில், வாடகைக்கென்று கணக்கில் வைத்திருந்த பணத்திலிருந்து எடுக்கப்படுகிறது. இப்போது வாடகை குறைகிறது. அதுவும் திரும்புகிறது. இன்னொரு 35 பவுண். எரிவாயுக் கொம்பனி தனது பங்குக்குத் தாமதக் கட்டணம் ஒன்றைச் சேர்க்கிறது. ஏழு பவுண் பற்றாக்குறை ஒன்றரை மாதத்துக்குள் எழுபது பவுணைத் தாண்டுகிறது. அவள் எதையும் கடனாகப் பெறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எரிவாயுக் கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை, வாடகையும் கட்டப்படவில்லை. கொடுக்க மறுத்ததற்காகத்தான் அவளிடம் வாங்கப்பட்டது.

பின்னர் கடிதம் வரும். அப்படியொரு கடிதத்தை லண்டனிலிருந்து வந்த உறவினர் ஒருவர் எனக்குக் காட்டினார். மரியாதையான ஆங்கிலம். கணக்கில் போதிய பணம் இருப்பதை உறுதிசெய்வது வாடிக்கையாளரின் பொறுப்பு என்ற தோரணை. பாடசாலை அதிபர் பெற்றோருக்கு அனுப்பும் கடிதம் போலிருந்தது. அதை வாசிக்கும் எவருக்கும் தான் ஒரு குற்றம் செய்துவிட்டதாகவே தோன்றும். தோன்ற வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வாறு எழுதப்பட்டிருக்கிறது. இது தண்டத்தின் மொழி.

இனி வங்கிகள் நீதிமன்றத்தில் பேசிய மொழியைப் பார்ப்போம்.

2006 இல் நியாய வர்த்தக அலுவலகம் என்னும் அரச அமைப்பு, கடனட்டைத் தாமதக் கட்டணம் 12 பவுணுக்கு மேற்பட்டால் தான் தலையிடப் போவதாக அறிவித்தது. அதைக் கண்ட சாதாரண மக்கள், அப்படியானால் எங்கள் கணக்குகளில் எடுத்த 35 பவுண் மட்டும் எவ்வாறு நியாயம் என்று கேட்டு ஆயிரக்கணக்கில் வழக்குத் தொடர்ந்தார்கள். அவர்களின் வாதம் எளியது. ஒப்பந்தத்தை மீறியவரிடம் ஏற்பட்ட நட்டத்தை வாங்கலாம், அதற்கு மேல் தண்டிக்கும் நோக்கில் வாங்கக் கூடாது என்பது ஆங்கிலச் சட்டத்தின் பழைய கோட்பாடு. ஒரு கணினி ஒரு கொடுப்பனவை மறுப்பதற்கு 35 பவுண் செலவாகுமா? பல வழக்குகளில் வங்கிகள் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே பணத்தைத் திருப்பிக் கொடுத்தன. இறுதியில், 2007 ஜூலையில், ஏழு வங்கிகளும் ஒரு கட்டடச் சங்கமும் சம்பந்தப்பட்ட ஒரு முன்னோடி வழக்காக அது மேல் நீதிமன்றத்துக்குச் சென்றது.

அங்கே வங்கிகள் சொன்னது இது: இவை தண்டமே அல்ல. வாடிக்கையாளர் எந்த ஒப்பந்தத்தையும் மீறவில்லை. கணக்கில் இல்லாத தொகைக்குக் கொடுப்பனவு கேட்பதன் மூலம் அவர் எம்மிடம் ஒரு மேலதிகப்பற்றுக்கு விண்ணப்பிக்கிறார். அந்த விண்ணப்பத்தை நாம் பரிசீலிக்கிறோம். கட்டணம் எமது சேவைகள் அனைத்துக்குமான விலையின் ஒரு பகுதி. நமது கற்பனைப் பெண், புதன்கிழமை காலை பஸ்ஸுக்குக் காத்திருந்த வேளையில், தான் அறியாமலே ஒரு கடன் விண்ணப்பம் செய்திருக்கிறாள். அது பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டும் இருக்கிறது!

மேல் நீதிமன்றமும் மேன்முறையீட்டு நீதிமன்றமும் இக்கட்டணங்களின் நியாயத்தை ஆராயலாம் என்றன. அவ்வருடம் ஒக்டோபரில்தான் இயங்கத் தொடங்கியிருந்த உயர் நீதிமன்றம், 2009 நவம்பர் 25 ஆம் திகதி, ஐந்து நீதிபதிகளும் ஒருமித்து அதை மாற்றியது. விலை கூடியதா குறைந்ததா என்று ஆராய நுகர்வோர் ஒப்பந்த விதிகள் இடமளிக்கவில்லை. இக்கட்டணங்கள் விலையின் பகுதியே. எனவே அந்த அடிப்படையில் ஆராய முடியாது என்பது தீர்ப்பு. கட்டணம் நியாயமானது என்று நீதிபதிகள் சொல்லவில்லை. தமக்கு முன் இருந்த கேள்வி அதுவல்ல என்பதைத் தெளிவாகவே சொன்னார்கள். மறுநாள் அதைக் கவனித்தவர்கள் எத்தனை பேர்! அடுத்த மாதமே நியாய வர்த்தக அலுவலகம் வழக்கைக் கைவிட்டது.

சட்டத்தைப் பற்றி நான் தீர்ப்புக் கூற வரவில்லை. எனக்குத் தென்படுவது வேறொன்று. அது விலை என்று நாட்டின் அதியுயர் மன்றம் ஏற்றுக்கொண்ட பிறகு, அக்கணமே பழிச்சொல் நின்றிருக்க வேண்டும் அல்லவா? கடைக்காரர் தனது பொருளை வாங்கியவனைப் பார்த்து 'நீ ஏன் வாங்கினாய், பொறுப்பில்லாதவனே' என்று ஏசுவதில்லை. ஏசினால் அவர் பொருளை விற்கக் கூடாது. விற்றால் ஏசக் கூடாது.

இங்கே ஒரு ஆய்வு நினைவுக்கு வருகிறது. யூரி க்னீஸி, அல்டோ ருஸ்டிக்கினி என்ற இரு பொருளியலாளர்கள் 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஹைஃபா நகரிலுள்ள பத்துச் சிறுவர் பராமரிப்பு நிலையங்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிள்ளைகளை மாலையில் பிந்தி வந்து கூட்டிச் செல்லும் பெற்றோருக்குச் சில நிலையங்களில் சிறிய தண்டப்பணம் விதிக்கப்பட்டது. பிந்தி வருவோர் தொகை குறையவில்லை, கூடியது. பின்னர் தண்டத்தை நீக்கியபோதும் அது பழைய நிலைக்குத் திரும்பவில்லை. முன்னர் ஆசிரியையைக் காக்க வைத்ததற்காக வெட்கப்பட்ட பெற்றோர், இப்போது காசு கொடுத்துவிட்டோம்தானே என்று ஆறுதலாக வந்தார்கள். தண்டம் விலையாக மாறியதும் வெட்கம் போய்விட்டது.

வசதியுள்ளவர்களுக்கு அது அவ்வாறுதான் நடக்கிறது. காசைக் கொடுத்தால் குற்ற உணர்விலிருந்து விடுதலை. ஏழைக்கோ விலையையும் கொடுக்க வேண்டியிருக்கிறது, வெட்கத்தையும் சுமக்க வேண்டியிருக்கிறது. கடிதத்தை மேசை லாச்சிக்குள் பிரிக்காமலே போட்டு வைக்கிறாள். தொலைபேசி அடித்தால் எடுப்பதில்லை. கிளைக்குப் போய்ப் பேசினால் ஒருவேளை கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள். ஆனால் அவ்வாறு போய்ப் பேசத் துணிவது பெரும்பாலும் தவறு தன்னுடையதல்ல என்று நம்புகிறவர்கள்தான். ஆக, அந்த வெட்கத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. கேள்வி கேட்காமல் வைத்திருக்கும் வேலை.

'இல்லாத பணத்தைச் செலவழிக்கலாமா?' என்று நமது பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வாக்குக் கொடுத்தால் நிறைவேற்ற வேண்டும், கடன் வாங்கினால் திருப்ப வேண்டும் என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். ஏழை என்பதற்காக ஒருவரின் பொறுப்பைத் தள்ளுபடி செய்வது அவரைக் குழந்தையாக நடத்துவதாகும். அதுவும் ஒருவகை அவமதிப்பே. ஆனால் பொறுப்பு என்பது அளவோடு வருவது. ஏழு பவுண் தவறுக்கு எழுபது பவுண் பொறுப்பு எந்தத் தராசில் நிறுத்தது? அத்தோடு, கணக்கு வைத்திருப்பது அவளது தெரிவும் அல்ல. கூலியும் கணக்குக்கு, கொடுப்பனவும் கணக்குக்கு என்று ஆக்கிய பிறகு, 'விருப்பமில்லாவிட்டால் நீ வராமல் இருந்திருக்கலாம்' என்று அவளிடம் சொல்ல முடியாது. மாதக் கடைசியில் 2000 பவுண் மீதி வைத்திருப்பவர் அவளைவிடக் கவனமானவர் என்பதற்கு எந்த அத்தாட்சியும் இல்லை. அவருக்கு என்றைக்கு எந்தக் கட்டணம் போகிறது என்றே தெரியாது. தெரிய வேண்டிய தேவை இல்லை. அவளுக்குத்தான் ஒவ்வொரு திகதியும் மனப்பாடம்.

இந்த 2000 பவுண்காரரைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதில்லை. 1980களின் நடுப்பகுதியிலிருந்து, கணக்கில் மீதி வைத்திருப்பவருக்கு வங்கிச் சேவை இலவசம் என்ற முறை அங்கே பரவியது. காசோலை இலவசம், அட்டை இலவசம், மாதக் கட்டணம் இல்லை. ஆனால் உலகில் ஒன்றும் இலவசமில்லை, யாரோ கொடுக்கிறார்கள். 2006 இல் நடைமுறைக் கணக்குகளால் வங்கிகள் ஈட்டிய 830 கோடி பவுணில் ஏறத்தாழ 260 கோடி, கணக்கில் பணம் போதாமற் போனவர்களிடம் அறவிட்ட கட்டணங்களிலிருந்து வந்தது என்று நியாய வர்த்தக அலுவலகம் 2008 இல் கணக்குக் காட்டியது. பத்து வருடங்களின் பின்னரும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 2016 இல் முன்னனுமதியற்ற மேலதிகப்பற்றுக் கட்டணங்களில் பாதிக்கு மேல் வாடிக்கையாளர்களில் வெறும் 1.5 சதவீதத்தினரிடமிருந்து வந்ததாக நிதி நடத்தை அதிகாரசபை கண்டறிந்தது.

நூறு பேர் உண்ணும் விருந்துக்கு ஒன்றிரண்டு பேர் காசு கொடுக்கிறார்கள்; அவர்கள்தாம் பந்தியிலேயே மிகவும் பசித்தவர்கள். மற்றவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. யார் கொடுத்தது என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரியவராத விதத்தில்தான் விருந்தே அமைக்கப்பட்டிருக்கிறது. தெரியாமல் உண்டவனுக்குப் பொறுப்பு உண்டா என்பது கடினமான கேள்வி. தெரிந்த பிறகும் 'எனக்கு இலவசமாகவே இருக்கட்டும்' என்பவனைப் பற்றி அவ்வளவு தயக்கம் எனக்கு இல்லை. எல்லோரிடமும் மாதம் சில பவுண் வாங்கலாமே என்ற யோசனை அங்கே எழுந்த போதெல்லாம், இலவசத்தை இழக்க விரும்பாதவர்களின் முணுமுணுப்பும் கூடவே எழுந்தது.

நம்மவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு சொல். வட்டியைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம், பேச வேண்டியதுதான். பிரித்தானியாவிலும் 2004 இல் பிரித்தானிய இஸ்லாமிய வங்கி திறக்கப்பட்டது. 2014 இல் அது அல் ரயான் வங்கி எனப் பெயர் மாறியது. அதன் நடைமுறைக் கணக்கில் மேலதிகப்பற்று கிடையாது. எனவே அதற்கான வட்டியும் கிடையாது. ஆனால் நமது கற்பனைப் பெண்ணிடம் எடுத்த 35 பவுணுக்கு எவரும் வட்டி என்று பெயர் வைக்கவில்லை. சேவைக் கட்டணம் என்றே வைத்தார்கள். பெயரை மட்டும் பார்த்து ஹராம், ஹலால் என்று பிரிப்பவருடைய கண்ணில் இது படாமலே போய்விடும். இடுக்கணில் இருப்பவனின் இடுக்கணையே வருமானமாக்குவதுதான் வட்டியில் உள்ள கொடுமை என்றால், அந்தக் கொடுமை பெயர் மாறியும் வரக்கூடும்.

மாற்றங்கள் வந்தன. 2016 ஜனவரி முதல் ஒன்பது பெரிய வங்கிகள், வேறு கணக்குக்குத் தகுதியில்லாதோருக்கு அடிப்படைக் கணக்கு ஒன்றை வழங்கின. அதில் மேலதிகப்பற்று இல்லை. பணம் போதாமல் கொடுப்பனவு திரும்பினாலும் கட்டணம் இல்லை. பத்து வருடங்களுக்கு முன் 35 பவுண் விலையுள்ளதாயிருந்த 'சேவை' இப்போது சும்மா செய்யக்கூடியதாயிற்று. 2020 ஏப்ரல் 6 முதல், மேலதிகப்பற்றுக்கு நாளுக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான கட்டணம் வாங்குவதை அதிகாரசபை தடை செய்தது. ஒரே வருட வட்டி வீதம் மட்டுமே. முன்னனுமதி இல்லாததற்கு இருப்பதைவிடக் கூடுதலாக வாங்கக் கூடாது. 100 பவுணுக்கு நாளொன்றுக்கு 5 பவுண் வரை கொடுத்தவர் இனி 20 பென்ஸுக்கும் குறைவாகக் கொடுப்பார் என்று அது கூறியது. பெரிய நிவாரணம் என்பதில் ஐயமில்லை. வங்கிகள் பெரும்பாலும் 40 சதவீதத்தை ஒட்டிய வட்டியை அறிவித்தன. முன்னனுமதி பெற்று, ஒழுங்காக நடந்து, குறைந்த வட்டி கட்டி வந்த சிலருக்கு அது முன்னையதிலும் பார்க்கக் கூடியது. மீதி வைத்திருப்பவருக்குச் சேவை இலவசமாகவே தொடர்ந்தது.

அதே ஏப்ரலில் கொரோனாவால் நாடு மூடிக் கிடந்தது. கடைகள், ஹோட்டல்கள், அலுவலகங்கள் எல்லாம் பூட்டு. வழமையாகச் சம்பளம் தவறாத இலட்சக்கணக்கான குடும்பங்கள் அந்த மாதத்தில் வரவுக்கும் செலவுக்கும் இடையே அகப்பட்டன. அதிகாரசபை சொல்ல, வங்கிகள் முன்னனுமதி பெற்ற மேலதிகப்பற்றில் 500 பவுண் வரை மூன்று மாதங்களுக்கு வட்டி வாங்காமல் விட்டன. கேட்டவர்களை எவரும் கவனயீனர் என்று சொல்லவில்லை. உங்கள் தவறல்ல, கேளுங்கள் என்று அழைத்தார்கள். பணம் பிந்துவது ஒருவரின் குணக்கேடு அல்ல என்பது அந்தக் கோடை முழுவதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சலுகை பின்னர் சில மாதங்கள் நீடிக்கப்பட்டு, முடிந்தது. 40 சதவீதம் மீண்டும் வந்தது.